ஒரு இட்லிக்கு 12 கிராம்

காலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டின் முதல் வகுப்பு அடுப்படியில்தான் தொடங்கும். நான் இட்லித் தட்டை இறக்கி வைப்பேன். சின்னவள் எண்ணுவாள். பையன் தனக்கு எத்தனை வேண்டும் என்று சொல்லி, அதற்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று கணக்குப் போடுவான். பெரியவள் அதைச் சரிபார்ப்பாள். அப்புறம் ஊசி, அப்புறம்தான் சாப்பாடு. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாவது மாடியில் இரண்டு வருடம் இப்படித்தான் எங்கள் நாள் விடிந்தது.

கோவில்பட்டியிலிருந்து 2018 ஆகஸ்டில் கனடா வந்தோம். அப்போது பெரியவளுக்கு எட்டு வயது, பையனுக்கு நான்கு, சின்னவள் ஐந்து மாதக் கைக்குழந்தை. மற்றவர்களைப் போலவே நாங்களும் குளிருக்கும் பஸ்ஸுக்கும் வாடகைக்கும் பழகினோம். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. நான் பி.காம். படித்தவள். என் ஆங்கிலத்தில் எனக்கே நம்பிக்கை கிடையாது.

2022 ஜனவரி 17-ஆம் தேதி டொராண்டோவைப் பெரும் பனிப்புயல் மூடியது. ஆன்லைன் வகுப்பு முடிந்து பள்ளி திறக்க வேண்டிய நாள் அது. திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க என் ஏழு வயதுப் பையன் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். ராத்திரியில் மூன்று முறை பாத்ரூம் போனான். படுக்கையை நனைக்கும் பழக்கம் எப்போதோ நின்றிருந்தது, மறுபடி நனைத்தான். ஹீட்டர் காற்றில் தொண்டை காய்கிறது என்று நினைத்து, நானே பெரிய தண்ணீர் பாட்டிலாக வாங்கிக் கொடுத்தேன். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்தார்கள். மீட்டரில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. அங்கிருந்து நேரே மருத்துவமனை. டைப் 1 சர்க்கரை நோய்.

ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு போனிலும் ஒரே கேள்வி. "இனிப்பு நிறையக் கொடுத்தீங்களா?" இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அந்தக் கேள்வி வாயில் வந்தால் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். டைப் 1 இனிப்பால் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. வெந்தயமும் பாகற்காயும் இன்சுலின் ஊசிக்கு மாற்று ஆகாது. ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கேள்வியைக் கேட்டு நான் எத்தனை ராத்திரி அழுதிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மருத்துவமனையில் நான்கு நாள். அதற்குக் காசு கட்டவில்லை, மாகாணக் காப்பீடு பார்த்துக்கொண்டது. என் கணவர் அப்போது ஏஜென்சி மூலம் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார், தனியார் காப்பீடு இல்லை. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அப்படித் தனியார் காப்பீடு இல்லையென்றால் பட்டியலில் உள்ள மருந்துச் செலவை ஒன்டாரியோவே ஏற்கும் ஓஹிப் பிளஸ் திட்டம் எங்களைக் காப்பாற்றியது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு இது ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. டைப் 1 உள்ளவர்கள் கூட்டாட்சி அரசின் இயலாமை வரிச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். வாரம் 14 மணி நேரம் சிகிச்சைக்குச் செலவாகிறது என்று முன்பு கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. 2021 வரி ஆண்டிலிருந்து அந்தத் தலைவலி இல்லை. டி2201 படிவத்தில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். அது கிடைத்தால் பிள்ளைகளுக்கு வரும் மாதாந்திரத் தொகையும் கூடும்.

பள்ளிக்குத் திரும்பிய பிறகு தினமும் பதினொன்றே முக்காலுக்கு நான் அங்கே இருக்க வேண்டும், மதிய ஊசி போட. சின்னவளைத் தள்ளுவண்டியில் வைத்து, பனியில் சக்கரம் சிக்கிச் சிக்கிப் போவேன். ஆசிரியர்கள் அன்பானவர்கள்தான். ஒரு நாள் வழக்கமான ஆசிரியர் வரவில்லை. உடம்பில் ஒட்டியிருக்கும் சென்சாரைப் படித்து, சர்க்கரை இறங்கினால் அலாரம் அடிக்கும் கருவி பையனின் பையோடு வெளியே மாட்டியிருந்தது. நான் போனபோது அவன் மேசையில் தலை சாய்த்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்திருக்கிறார்கள். சர்க்கரை 2.9, நம் ஊர் அளவில் சுமார் 52. இங்கே 4-க்குக் கீழே, அதாவது ஊர்க் கணக்கில் 72-க்குக் கீழே போனாலே உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். அன்று ராத்திரி கணவரிடம் சொன்னேன்: "நான் வீட்டிலேயே வச்சுப் படிக்க வைக்கிறேன்." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உன்னால முடியுமா"ன்னு கேட்கவில்லை. "நைட் ரெண்டு மணி செக்கை நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஒன்டாரியோவில் இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். கல்விச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2002-ல் மாகாணக் கல்வி அமைச்சு வெளியிட்ட 131-ஆம் எண் குறிப்பாணையில் மாதிரிக் கடிதமும் உண்டு. பிள்ளையின் பெயர், பாலினம், பிறந்த தேதி, வீட்டு முகவரி, தொலைபேசி எண் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 1-க்கு முன் பள்ளி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். கட்டாயக் கல்வி ஆறு வயதில் தொடங்குவதால் நான்கு வயதுச் சின்னவளுக்குக் கடிதமே தேவைப்படவில்லை. பெரியவள் தானாகக் கேட்டாள், "நானும் இருக்கட்டுமா அம்மா?" கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பில் அவளுக்குக் கணக்கு விட்டுப்போயிருந்தது. சரி என்றேன். 2022 செப்டம்பரில் ஏழாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, மழலை வகுப்பு மூன்றும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தன.

முதல் மாதம் பள்ளிக்கூடத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். ஒன்பது மணிக்குப் பெரியவளுக்கு அல்ஜிப்ரா, பையனுக்குப் பெருக்கல், சின்னவளுக்கு எழுத்து என்று சுவரில் அட்டவணை ஒட்டினேன். பத்தேகாலுக்குச் சென்சார் அலறும். பெருக்கல் நிற்கும். சின்னவள் அண்ணன் பக்கம் ஓடுவாள். பெரியவள் புத்தகத்தை மூடிவிட்டு ஜூஸ் எடுத்து வருவாள். அட்டவணை ஒரு நாள்கூட மதியம் வரை பிழைக்கவில்லை.

இட்லி விஷயம் அங்கேதான் வந்தது. கடைச் சாமான் என்றால் பாக்கெட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று அச்சிட்டிருக்கும். நம் இட்லிக்கு யார் அச்சிடுவது? பெரியவளிடம் கண்டுபிடிக்கச் சொன்னேன். இட்லி அரிசி 800 கிராம், உளுந்து 200 கிராம் நிறுத்து ஊறப் போட்டோம். அரிசியில் மாவுச்சத்து 640 கிராம், உளுந்தில் நார்ச்சத்தைக் கழித்து 82 கிராம் என்று சத்து அட்டவணை பார்த்து எடுத்தாள். மொத்தம் 722. குளிர்காலத்தில் இங்கே மாவு தானாகப் பொங்காது. ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிட வேண்டும். மறுநாள் அந்த மாவு முழுவதையும் வார்த்தோம். சின்னவள் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பத்துக்கு ஒரு கோடு போடச் சொன்னேன், ஆறு கோடு வந்தது. 722-ஐ 60-ஆல் வகுத்தான் பையன். ஒரு இட்லிக்கு 12 கிராம். அப்போது அவனுக்குக் காலை வேளையில் 12 கிராமுக்கு ஒரு யூனிட் என்று மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்தார். இது பிள்ளைக்குப் பிள்ளை, வேளைக்கு வேளை மாறும். ஒரு இட்லி, ஒரு யூனிட். "எனக்கு மூணு இட்லி, மூணு யூனிட்!" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நோய் வந்த நாளிலிருந்து அவன் சாப்பாட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

சுவரில் இருந்த அட்டவணையை அன்றே எடுத்துவிட்டேன். அதன் பிறகு ஒரே விஷயத்தை மூன்று ஆழத்தில் படித்தோம். 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து. 150 கிராம் சோற்றுக்கு எவ்வளவு என்பது பையனுக்கு, அதையே சமன்பாடாக எழுதுவது பெரியவளுக்கு. சர்க்கரை இறங்கினால் அவன் எடைக்கு 10 கிராம் குளுக்கோஸ், ஒரு மாத்திரை 4 கிராம். அதனால் சின்னவள் வாழ்க்கையில் முதலில் கற்ற பின்னம் இரண்டரை. மாத்திரையை அவள்தான் உடைத்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். மணி பார்க்க அவள் கற்றுக்கொண்டதும் அந்தக் காத்திருப்பில்தான்.

பாடம் நடத்தினால் பிள்ளையை எவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறோம் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. சர்க்கரை இறங்க ஆரம்பித்தால் பையனின் கையெழுத்து கோட்டை விட்டுக் கீழே சாயும். "வீடு" என்பதில் ஈகாரச் சுழி நழுவி அடுத்த எழுத்தின் மேல் விழும். சென்சார் அலறுவதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும். ஏறினால் வேறு மாதிரி. எழுத்து பெரிதாகும், அழுத்தம் கூடும், காரணமில்லாமல் தங்கையோடு சண்டை. அந்த நேரத்தில் அதட்டிப் புண்ணியமில்லை. எத்தனையோ தடவை முதலில் அதட்டிவிட்டு, பிறகு மீட்டரைப் பார்த்து அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அந்த ஆண்டு நவம்பர் 14, உலகச் சர்க்கரை நோய் தினம். நமக்கு அது குழந்தைகள் தினம், நேரு பிறந்த நாள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடெரிக் பான்டிங் பிறந்த நாளும் அதுதான். மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு சப்வேயில் குவீன்ஸ் பார்க் நிலையத்தில் இறங்கினேன். டொராண்டோவில் 12 வயது வரை பயணம் இலவசம் என்பதால் எனக்கு மட்டும்தான் கட்டணம். பழைய டொராண்டோ ஜெனரல் மருத்துவமனைக் கட்டடம் காலேஜ் தெருவில் இன்றும் நிற்கிறது. அதன் எதிரே நின்று சொன்னேன். 1922 ஜனவரி 11-ஆம் தேதி லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். மருந்து சுத்தமாக இல்லை, சரியாகப் பலிக்கவில்லை. கோலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்தார். 23-ஆம் தேதி மறுபடி போட்டார்கள், சர்க்கரை இறங்கியது. "என்னைய ஆஸ்பத்திரியில சேர்த்ததும் ஜனவரிதானே?" என்றான் பையன். ஆமாம், சரியாக நூறு வருடம் கழித்து, அதே ஊரில். அவன் அந்தக் கட்டடத்தின் சுவரைக் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து சின்னவள் நாய் வரைந்தாள், ஆராய்ச்சி முதலில் நாய்களிடம் நடந்தது என்று கேட்டிருந்தாள். பையன் தேதிகளை வரிசையாக எழுதினான். காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததைப் பற்றிப் பெரியவள் இரண்டு பக்கம் எழுதினாள். அப்படிக் கொடுத்த மருந்துக்கு அமெரிக்காவில் ஏன் அவ்வளவு விலை என்ற கேள்வியோடு அவள் கட்டுரை முடிந்தது.

2023-ல் அத்தை, என் கணவரின் அம்மா, சூப்பர் விசாவில் வந்தார். இங்கே இருப்பவர்களின் பெற்றோரும் தாத்தா பாட்டியும் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான விசா அது. குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தால்தான் அந்த விசா. அத்தைக்கும் சர்க்கரை, ஆனால் டைப் 2. "எனக்கும் சுகர்தான், நான் என்ன ஊசியா போடுறேன்?" என்று ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்லிப் புரியாததைப் பையன் சொன்னான்: "பாட்டி, ஒங்க உடம்புல இன்சுலின் இருக்கு, சரியா வேலை செய்ய மாட்டேங்குது. என் உடம்புல அது இல்லவே இல்ல." அத்தை அதன் பிறகு கேட்கவில்லை. பிள்ளைகளின் தமிழ் வகுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஜனவரியில் வாசல் பனிக்கட்டியில் வழுக்கி அத்தைக்கு மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. குளிப்பாட்ட வேண்டும், தலை பின்ன வேண்டும், செலவுக்கு முதலில் நாங்கள் கட்டிவிட்டு ரசீதுகளைக் காப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா கதவைத் தட்டினார். "ஒண்டுக்கும் யோசிக்காதையும். சின்னவளை என்னட்டை விடும், ஒரு மணித்தியாலம் நான் பாக்கிறன்." அந்த ஒரு மணி நேரத்தில் சின்னவள் வாசிக்கவே கற்றுக்கொண்டு வந்தாள்.

அந்த வாரங்களில்தான் ஒரு ராத்திரி, பாத்திரம் கழுவும்போது பெரியவள் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமே இல்லாமல் கேட்டாள்: "அம்மா, கடைசியா நீ எனக்கு எப்போ பாடம் நடத்தின?" யோசித்தேன். பதில் வரவில்லை. ஜூஸ் எடுத்து வருகிறவளாக, கணக்குச் சரிபார்க்கிறவளாக, தங்கையைத் தூக்குகிறவளாகவே அவளை வைத்திருந்தேன். உடம்பு நன்றாக இருக்கிற பிள்ளை தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். பல பிள்ளைகளில் ஒருவருக்கு நோய் வந்த எந்த வீட்டுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அந்த வாரத்திலிருந்து, கணவருக்கு விடுமுறையான ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் மாலையில் அவளும் நானும் மட்டும் வெளியே கிளம்பினோம், பெரும்பாலும் நூலகத்துக்கு. என் ஆங்கிலம் அவளுக்குப் போதவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அவள் கட்டுரையை அவளே சத்தமாக வாசிப்பாள். எனக்குப் புரியாத இடத்தை நிறுத்திக் கேட்பேன். விளக்கும்போதே தன் வாக்கியத்தைத் திருத்திக்கொள்வாள். அவளுக்குத் தோழிகள் வேண்டும் என்பதும் அப்படி ஒரு மாலையில்தான் வெளியே வந்தது. 2024 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள்.

அந்த 2024 ஆகஸ்டில் வாரியத்துக்கு மறுபடி கடிதம் எழுதினேன். இந்த முறையும் இரண்டு பெயர்: ஐந்தாம் வகுப்புப் பையன், ஆறு வயது நிறைந்த சின்னவள். தன் பெயரைத் தானே எழுதுவேன் என்று அவள் அடம்பிடித்ததால் பேனாவைக் கொடுத்தேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசி எழுத்தில் சென்சார் அலறியது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள், டப்பாவிலிருந்து மூன்று மாத்திரை எடுத்தாள், ஒன்றைப் பாதியாக உடைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.