கழுத்துல இருந்தது அழுக்கு இல்ல

எங்க லயம் (தோட்டத்து வரிசை வீடு) ரோட்ல இருந்து 140 படி மேல. இலங்கைல ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டம், சின்ன வயசுல இருந்து ஸ்கூல் பேக்கோட ஓடி ஏறுன படி தான், ஆனா 27 வயசுல மூணு இடத்துல நின்னு மூச்சு வாங்காம என்னால ஏறவே ஏலாமப் போச்சு. அம்மாவுக்கு 52 வயசு, காலைல பிரட்டுக்களத்துக்கு (வேலைக்குப் பேர் குடுக்குற இடம்) போயி நாள் முழுக்க கொழுந்து எடுத்துட்டு வந்தும் எனக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிருவாங்க. நான் டவுன்ல ஒரு கொமியூனிகேஷன்ல (போன், போட்டோகொப்பி கடை) வேலை, காலைல உக்காந்தா சாயங்காலம் தான் எந்திரிப்பேன், அதனால பழக்கம் இல்லாமத் தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டேன்.

இத எழுதுறதுக்குக் காரணம் ஒன்னே ஒன்னு தான். நாலு வருஷமா என் உடம்புல ஏழெட்டு கஷ்டம் இருந்துச்சு, ஒவ்வொன்னுக்கும் ஒரு வைத்தியம் பார்த்தேன், எல்லாமே பொலிசிஸ்டிக் ஓவரி (பி.சி.ஓ.எஸ்.) சம்பந்தப்பட்ட ஒரே விஷயம்னு எனக்கு யாரும் சொல்லல, நானும் சேர்த்து வச்சுப் பார்க்கல.

மொழங்கால் வலிக்கு சித்தாலேப தைலம். கழுத்து பின்பக்கம் கருப்பா, தொட்டா தடிப்பா வெல்வெட் மாதிரி இருந்துச்சு, அதுக்கு தேசிக்காயும் சீனியும் போட்டு தோல் எரியுற வரைக்கும் தேய்ச்சேன், ஒரு தடவ புண்ணே ஆயிருச்சு. தாடைல முடி வந்துச்சு, ராத்திரி எல்லாரும் தூங்குன பிறகு கண்ணாடி வச்சுப் பிடுங்குவேன். பீரியட்ஸ் ரெண்டு மாசம் வராது, மூணு மாசம் வராது, பிறகு வந்தா பன்னெண்டு நாள் நிக்காமப் போகும், அந்த நாள்ல வேலைக்குப் போறதே பயம். கால் கை எல்லாம் வெலவெலன்னு இருக்கும். ராத்திரி நல்லா தூங்குன மாதிரி இருக்கும் ஆனா விடிஞ்சா தலைவலி, கடைல மதியம் கண்ணு சொருகும். எங்க காம்பராவுல (ரூம்ல) எல்லாரும் ஒன்னா தானே படுக்குறோம், அம்மா தான் சொன்னாங்க, ‘நீ கொறட்ட விடுற, நடுவுல மூச்சு நின்னு நின்னு வருது, நான் ரெண்டு தடவ எந்திரிச்சு ஒன்னத் தட்டி விட்டேன்’னு. அத நான் பெருசா எடுக்கல.

டிஸ்பென்சரில பனடோலும் அயர்ன் குளிசையும் குடுத்தாங்க. டவுன்ல காசு கட்டிப் பார்த்த ஒரு டொக்டர் ரெண்டு நிமிஷம் கூட பேசல, வெயிட் குறைங்கன்னு மட்டும் சொல்லி அனுப்பினாரு, எப்படி குறைக்கிறது ஏன் ஏறுதுன்னு ஒரு வார்த்த இல்ல. சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே பாட்டு, கல்யாணம் முடிச்சா எல்லாம் சரியாயிரும். நான் காலைச் சாப்பாட்ட விட்டேன், மதியம் பாதி சோறு சாப்பிட்டேன், சாயங்காலம் பசி தாங்காம வீட்டுக்கு வந்து நாலு ரொட்டி கட்டச்சம்பலோட சாப்பிட்டேன், வெயிட் ஏறிச்சே தவிர இறங்கல. அழுதுக்கிட்டு தான் இருந்தேன்.

மாறினது அம்மாவால. மிட்வைஃப் வந்து அம்மாவ வெல் வுமன் கிளினிக்குக்கு (பொம்பளைங்களுக்கு நோய் இருக்கான்னு முன்கூட்டியே பார்க்குற கிளினிக்) கட்டாயம் வரச் சொன்னாங்க, அம்மா தனியா போகப் பயந்ததால நான் லீவு போட்டு கூடப் போனேன். அங்க இருந்த மிஸ்ஸி (நர்ஸ்) அம்மாவுக்கு பிரஷர் பார்த்துக்கிட்டே என்னப் பார்த்தாங்க, நல்ல தமிழ்ல கேட்டாங்க, ‘தங்கச்சி, இந்தக் கழுத்து எப்ப இருந்து இப்படி இருக்கு? பீரியட்ஸ் ஒழுங்கா வருதா? தாடைல முடி இருக்கா? தூக்கம் எப்படி?’ ஒன்னுக்குப் பின்னால ஒன்னா. நான் எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டே போறேன், எனக்கு கண்ணீர் வந்துருச்சு, ஏன்னா இதெல்லாம் ஒரே மூச்சுல யாரும் கேட்டதே இல்ல. அழுக்கு இல்லம்மா தேய்க்காதன்னு சொல்லிட்டு பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு துண்டு எழுதிக் குடுத்தாங்க.

கிளினிக் நாள்ல முதல் பஸ்ல போகணும், இல்லன்னா நம்பர் கிடைக்காது. உயரம் 152 சென்டிமீட்டர், வெயிட் 78 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்துக்கு வெயிட் எவ்வளவுங்கிற கணக்கு) கிட்டத்தட்ட 34. நம்ம ஆசியாக்காரங்களுக்கு 23 தாண்டினாலே கவனிக்கணுமாம். இடுப்பு 101 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80க்குள்ள இருக்கணும். கிளினிக் இலவசம், ஆனா சில டெஸ்ட் வெளிய எடுக்கச் சொன்னாங்க, சம்பளம் வரும்வரைக்கும் காத்திருந்து ரெண்டு தவணையா எடுத்தேன்.

டெஸ்ட் பத்தி கொஞ்சம் விவரமா சொல்றேன், போறவங்களுக்கு பயம் கொறையும். வெறும் வயித்துல முதல்ல ரத்தம் எடுப்பாங்க, பிறகு 75 கிராம் குளுகோஸ் கரைச்சு குடிக்கக் குடுப்பாங்க, குமட்டும், ஆனா வாந்தி எடுத்தா முதல்ல இருந்து செய்யணும், அதனால மெதுவா குடிங்க. ரெண்டு மணித்தியாலம் கழிச்சு திரும்ப ரத்தம். எனக்கு ரத்தத்துல சீனி வெறும் வயித்துல 96, அது நல்லது தான், ஆனா ரெண்டு மணித்தியாலத்துல 158. 140க்கு கீழ இருக்கணும், 200 போனா சீனி வருத்தம், நான் நடுவுல. வெறும் வயித்து டெஸ்ட் மட்டும் எடுத்திருந்தா எனக்கு ஒன்னும் இல்லன்னு வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. தைரொயிட், புரோலக்டின் (பால் சுரக்க வைக்கிற ஹோர்மோன்) ரெண்டும் பார்த்தாங்க, சரியா இருந்துச்சு. ஹீமோகுளோபின் 9.4, பன்னெண்டாவது இருக்கணும். ஸ்கேனுக்கு தண்ணி முட்ட முட்ட குடிச்சிருக்கணும், அத வீட்லயே குடிச்சிட்டு பஸ்ல ஏறாதீங்க, அங்க போயிக் குடிங்க.

ஸ்கேன் ரிப்போட்ல பொலிசிஸ்டிக்னு இருந்ததப் பார்த்து வீடே கலங்கிருச்சு, கட்டி, ஒப்பரேஷன்னு. டொக்டர் சிங்களத்துல சொன்னது எனக்குப் பாதி தான் வெளங்குச்சு, பிறகு வார்ட்ல இருந்த ஒரு தமிழ் மிஸ்ஸி படம் கீறிக் காட்டுனாங்க. அது கட்டி இல்ல. மாசா மாசம் ஒரு முட்டை வளர்ந்து வெளிய வரணும், எனக்கு நெறைய முட்டை வளர ஆரம்பிச்சு பாதியிலயே நின்னுருது, அந்தச் சின்னச் சின்னப் பைங்க தான் ஸ்கேன்ல தெரியுது. ஏன் நிக்குதுன்னா, ரத்தத்துல சீனியக் கட்டுப்படுத்துற ஹோர்மோன் இன்சுலின், உடம்பு அது சொல்றதக் கேக்க மாட்டேங்குது, அதனால உடம்பு இன்னும் இன்சுலின் சுரக்குது, கூடிப்போன இன்சுலின் சூலகத்த ஆம்பள ஹோர்மோன கூடுதலா உண்டாக்க வைக்குது. முட்டை வளராது, பீரியட்ஸ் வராது, தாடைல முடி வரும். அதே இன்சுலின் தான் கழுத்துத் தோல தடிப்பாக்கி கருப்பாக்குது, கொழுப்ப வயித்துல சேர்க்குது, அந்தக் கொழுப்பு திரும்ப இன்சுலின் பேச்ச இன்னும் கேக்காம ஆக்குது. நான் சோம்பேறின்னு நாலு வருஷமா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். அந்தப் படம் கீறுன தாள இன்னும் கிளினிக் புத்தகத்துக்குள்ள வச்சிருக்கேன்.

இன்னொன்னும் சொன்னாங்க, இத எல்லா பொம்பளப்புள்ளைகளும் தெரிஞ்சுக்கணும். மூணு மாசத்துக்கு மேல பீரியட்ஸ் வராம விடக் கூடாது. உதிர வேண்டிய கர்ப்பப்பை உள்பக்கம் உதிராம தடிச்சுக்கிட்டே போகும், அதனால தான் வந்தா அப்படிக் கொட்டுது, வருஷக்கணக்கா விட்டா அங்க கான்சர் வர வாய்ப்புக் கூடும். வராதது நிம்மதின்னு நெனைச்சவ நான்.

மருந்து, பத்து நாள் தொடர்ந்து ஒரு ஹோர்மோன் குளிசை, பிறகு மெட்ஃபோமின் 500 (உடம்ப இன்சுலின் பேச்சக் கேக்க வைக்கிற குளிசை). முதல் ரெண்டு வாரம் வயிறு கலக்கித் தள்ளிருச்சு, விட்டுறலாம்னு பார்த்தேன், சாப்பாட்டோட நடுவுல போடச் சொன்னாங்க, சரியாச்சு.

சாப்பாட்டுல முதல்ல கணக்குப் பார்த்தது தேத்தண்ணிய. ஒரு நாளைக்கு ஆறு பிளேன்டி (பால் இல்லாத தேத்தண்ணி), ஒவ்வொன்னுக்கும் மூணு கரண்டி சீனி, அப்ப 18 கரண்டி, 70 கிராமுக்கு மேல! எங்க வீட்ல யாருக்கும் இது சாப்பாடுன்னே தோணல. ஒரே நாள்ல நிப்பாட்டல, வாரத்துக்கு அரைக் கரண்டியா கொறச்சேன். அதோட சாப்பாட்டுக்கு கூடவே தேத்தண்ணி குடிச்சா சாப்பாட்டுல இருக்குற இரும்புச்சத்து உடம்புல சரியா சேராதாம், அயர்ன் குளிசையையும் நான் தேத்தண்ணில தான் விழுங்கிக்கிட்டு இருந்தேன், இப்ப ஒரு மணித்தியாலம் தள்ளித் தான் குடிக்கிறேன்.

மாவு ரொட்டிய விட ஏலாது, எங்க வீட்ல காலைச் சாப்பாடே அது தான். மூணு ரொட்டிய ஒன்னாக்கி, பருப்பு, அவிச்ச கடலை, காசு இருந்தா முட்டை, லயத்துக்குப் பின்னால நம்ம தோட்டத்துல இருந்து கீரை, போஞ்சி (பீன்ஸ்), கோவா (முட்டைக்கோஸ்). மதியம் தட்டுல பாதி மரக்கறி. அம்மாவுக்கு இது பெரிய கவலை, பொம்பளப்புள்ள சாப்பிடாம இருக்கேன்னு, ஒரு நாள் கிளினிக்குக்குக் கூட்டிப்போயி மிஸ்ஸியவே சொல்ல வச்சேன். நடை, ஒரு ஹோல்ட் (பஸ் நிக்கிற இடம்) முன்னாடி பஸ்ல இறங்கி நடந்தேன், மழைக்காலத்துல அட்டைக் கடிக்குப் பயந்து கடைக்குள்ளயே மாடிப்படி ஏறி இறங்கினேன்.

மொத்தமா குறைக்கச் சொன்னது 5ல இருந்து 10 வீதம் தான், எனக்கு நாலு கிலோல இருந்து எட்டு கிலோ. அது போதும் பீரியட்ஸ் திரும்புறதுக்குன்னு சொன்னப்ப நம்பல. ஒன்பது மாசத்துல 6.5 கிலோ குறைஞ்சேன். அஞ்சாவது மாசம் ஹோர்மோன் குளிசை இல்லாம பீரியட்ஸ் தானா வந்துச்சு, அஞ்சு நாள்ல நின்னுச்சு, அம்மாகிட்ட ஓடிப்போயி சொன்னேன். ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிலயும் மொழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறையுமாம், அது எனக்கு இறங்குறப்ப நல்லாவே தெரியுது. கொறட்ட முழுசாப் போகல, ஆனா மூச்சு நிக்கிறது இல்லன்னு அம்மா சொல்றாங்க, விடிஞ்சா தலைவலி இல்ல. கழுத்து கொஞ்சம் வெளுத்திருக்கு. தாடை முடி இன்னும் இருக்கு, அதுக்கு காலம் எடுக்கும்னு சொல்லியிருக்காங்க. குளுகோஸ் டெஸ்ட் திரும்ப எடுத்தேன், ரெண்டு மணித்தியாலத்துல 132. வருஷா வருஷம் எடுக்கணும்.

படி இப்ப ஒரு தடவ தான் நிக்கிறேன், பிள்ளைக்காம்பரா (சின்னப் பிள்ளைகளப் பார்த்துக்குற இடம்) திரும்புற இடத்துல.

எங்க சித்தி மகளுக்கு 16 வயசு, போன மாசம் தல பின்னி விடுறப்ப பார்த்தேன், கழுத்துல அதே கருப்பு. வர்ற புதன்கிழமை அவள முதல் பஸ்ல கூட்டிப் போறேன், காலைல தேத்தண்ணி குடுத்துறாதீங்கன்னு சித்திகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.