அறக்கேள்வியில் தொடங்கி வரலாறு நடத்திய அனுபவம்

ஒன்பதாம் வகுப்புக்கு நவீன வரலாறு எடுக்கிறேன். ஆண்டுகளையும் சட்டங்களையும் ஒப்பிக்க வைத்து அலுத்துப்போய், ஒவ்வொரு பாடத்தையும் ஓர் அறக்கேள்வியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

கேள்வி பெரிதாக இருந்தால் வகுப்பு படுத்துவிடும். 'அடிமை முறை சரியா?' என்றால் ஒரே குரலில் 'தப்பு சார்' என்பார்கள். அப்புறம் பேச என்ன இருக்கிறது? அதனால் சின்னதாகக் கேட்டேன். 1833இல் பிரிட்டன் தன் பெரும்பாலான காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, 'பணம் யாருக்குப் போயிருக்கும்?' என்றேன். விடுதலையானவர்களுக்குத்தான் என்றார்கள். உடைமையாளர்களுக்குப் போனது என்றதும் வகுப்பே கொதித்தது. விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை. போதாததற்கு, பலர் 1838 வரை 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் அதே முதலாளியிடம் பெரும்பாலும் கூலியில்லாமல் உழைத்தார்கள்.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் விடவில்லை. "சட்டப்படி காசு கொடுத்து வாங்கினவன்தானே சார், பிடுங்கினா ஈடு கொடுக்க வேண்டாமா?" உடனே ஒரு பெண் எழுந்துவிட்டாள். "அப்போ ஆளும் மாடும் ஒண்ணா?" சொத்துரிமை என்ற அன்றைய வாதத்தை நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை, இருவரும் அதற்குள்தான் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தவறாமல் வரும் முட்டுக்கட்டை ஒன்று உண்டு: 'அந்தக் காலத்துல அப்படித்தான் சார்.' கேட்க முதிர்ச்சியாக இருக்கும், பேச்சை அதோடு முடித்தும்விடும். அங்கே உபதேசம் எடுபடாது, சான்றுதான் எடுபடும். இன்றைய ஹைட்டியில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் சுதந்திர நாடே பிறந்தது. அந்தக் காலத்து ஆட்களில் இவர்களையும் சேர்க்கலாமா கூடாதா என்று கேட்டேன். அதற்குப் பிறகு யாராவது 'அந்தக் காலத்துல' என்று ஆரம்பித்தாலே, 'யாரு அப்படி நினைச்சாங்க?' என்று அவர்களே ஒருவரையொருவர் மடக்குகிறார்கள்.

நாளாக நாளாக உலகம் தானே திருந்திவிடும் என்ற நினைப்புக்கு சுவிட்சர்லாந்து நல்ல மருந்து. நியூசிலாந்தில் பெண்களுக்கு 1893இலேயே வாக்குரிமை வந்துவிட்டது. சுவிஸ் ஆண்களோ 1959இல் வாக்கெடுப்பு நடத்தி அதை மறுத்தார்கள், 1971இல்தான் ஒப்புக்கொண்டார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலம் தன் உள்ளூர்த் தேர்தல்களில் பெண்களைச் சேர்க்க 1990இல் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 'எங்க அம்மா அப்போ பிறந்தே இருப்பாங்க' என்று கணக்குப் போட்டவர்கள் பலர்.

மார்க் போடுவதுதான் தலைவலி. எந்தப் பக்கம் நின்றாலும் சரி, எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே 'ஆமாம், இதுதான் சொன்னோம்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதியிருக்கிறாயா என்றுதான் பார்க்கிறேன். அநியாயம், அக்கிரமம் என்று பக்கம் நிறைய ஆவேசப்பட்டவர்களுக்கு மார்க் குறைந்தது. நல்லவர்கள் பக்கம் நின்றும் குறைத்துவிட்டீர்களே என்று சிலருக்கு என்மேல் வருத்தம்தான்.

இத்தனைக்கும் பொதுத்தேர்வுக்கு ஆண்டுகள் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம் பழையபடி ஒப்பித்தல்தான். 'நாம் செய்வதில் எதை நாளைக்குத் தப்பென்பார்கள்?' என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். பிளாஸ்டிக், செல்போன் என்று பேச்சு எங்கெங்கோ போய், பாடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.