இடாப்பில் பதியாத இருவர்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்று வருடமாகக் கேட்கிறார். மூன்று வருடமும் வாழ்த்துச் செய்தி கொடுத்துத் தப்பிவிட்டேன். இந்த முறை தப்ப முடியவில்லை. பள்ளியில் எங்களுக்கு ஓலை இழைக்கப் படிப்பித்த ஓலைச் சேர் காலமாகிவிட்டார்.

செய்தி வந்த அன்று வகுப்புக் குழுவில் யாரோ அவருடைய உண்மையான பெயரைக் கேட்டார்கள். முப்பத்தேழு பேரில் நான்கு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. நான் அந்த நால்வரில் இல்லை.

எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், 1972இல் இலங்கையில் பாடத்திட்டம் மாறி, கைத்தொழில் ஒன்றும் படித்தாக வேண்டும் என்று வந்தது. டொக்டராகவும் எஞ்சினியராகவும் போகிற பிள்ளைகளுக்கு ஓலை எதற்கு என்று வீடுகளில் கேட்டார்கள். ஓலை இழைப்பது யாருடைய வேலை என்பது பற்றியும் எங்கள் ஊரில் சில எண்ணங்கள் இருந்தன. மலரில் அதையெல்லாம் எழுத முடியாது, உங்களுக்கே தெரியும். சேருக்கும் தெரிந்திருக்கும். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாக நினைவில்லை. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து கொண்டுவந்து மேசையில் போடுவார். கடகம், நீற்றுப்பெட்டி, கொட்டப்பெட்டி என்று ஓலைப் பெட்டிகளை நாங்கள் எதிர்பார்த்திருக்க, 1974 தை மாதத்தில் ஒரு நாள், "உதெல்லாம் உங்கட அம்மம்மாமாருக்குத் தெரியும். நாங்கள் குருவியிட்டைப் படிப்பம்" என்றார்.

சைக்கிள்களில் யாழ்ப்பாணத்து நாவற்குழிப் பக்கம் போனோம். நெல் கதிர் தள்ளியிருந்தது. வயல் ஓரத்துப் பனைகளில் காவோலை நுனியெல்லாம் தூக்கணாங்குருவிக் கூடுகள். தண்ணீரும் நெல்லும் பனையும் ஒன்றாக இருக்கிற இடம்தான் அதற்கு ஊர் என்றார் சேர். தின்ன நெல், கிழிக்க நெல்லோலையும் புல்லும், பாம்பும் பூனையும் இலகுவில் எட்டாத உயரத்துக்குப் பனை. "கூட்டைப் பாக்க வேண்டாம், குருவியைப் பாருங்கோ."

பார்த்தோம். தலையில் மஞ்சள் பூசிக்கொண்ட ஆண் குருவி நெல்லோலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டுப் போடும். வெட்டிய நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கும். பறக்கிற வேகத்தில் நார் கிழிந்து கூடவே வரும். ஓலை வார எங்களுக்குக் கத்தி வேண்டும், அதற்குப் பறப்பே கத்தி. ஒரு நார் கொண்டுவந்தால் ஒரு புளியங்கொட்டை என்று எண்ணச் சொன்னார். எங்கள் கொட்டைகள் நூற்றுச் சொச்சத்தோடு முடிந்துபோயின. ஒரு கூட்டுக்கு அது ஐந்நூறு தடவை வரை பறக்கும் என்று வெகுகாலம் கழித்து எங்கோ வாசித்தேன்.

மின்மினியைப் பிடித்துக் களிமண்ணில் ஒட்டி விளக்கேற்றும் என்று ஒருவன் சொன்னான். எல்லாருடைய வீட்டிலும் சொல்கிற கதைதான். சேர் சிரிக்கவில்லை. "மண் இருக்கு, நான் பாத்தனான். மின்மினியை நான் காணேல்லை. நீர் கண்டால் வந்து சொல்லும்" என்றார். அதற்குப் பிறகு கொழும்பிலும் இங்கே கனடாவிலும் எத்தனையோ பேரிடம் விஞ்ஞானம் படித்தேன். அந்த இரண்டு வசனத்துக்குக் கிட்ட வந்தவர்கள் குறைவு.

அப்புறம் வீட்டுவேலை. இரண்டு கிழமைக்குள் ஆளுக்கொரு கூடு ஓலையில் இழைத்து வர வேண்டும். பசை, நூல், ஊசி எதுவும் கூடாது. நான் இழைத்தது செத்த வௌவால் போலத் தொங்கியது. சனிக்கிழமை எங்கள் வளவுக்குப் பனை ஏற வந்தவரிடம் இரண்டு ரூபாயை நீட்டினேன். "தம்பி, முட்டையிடுற காலம், வேண்டாம்" என்றார். "சேர் கேட்டவர்" என்றேன். பழைய கூடு மண்ணிறமாக இருக்கும், புதிதாக இழைத்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே பச்சை மாறாத கூடாகப் பார்த்துக் கேட்டேன். அவ்வளவு கெட்டித்தனம்.

திங்கட்கிழமை சேர் அதை வாங்கி உயர்த்திப் பிடித்தார்.

"நல்ல வேலை. ஓலை எங்கை வாங்கினீர்?"

"வீட்டை நிண்டது சேர்."

"உங்கட வீட்டுப் பனையில நெல்லோலையோ முளைக்குது?"

வகுப்பு சிரிக்கத் தொடங்கியது. அவர் கூட்டின் கீழ்ப்பக்கத்தைத் தடவினார். "குழாய் நீட்டியிருக்கு. பெட்டைக் குருவி வந்து சரி எண்டு ஏற்றால்தான் ஆண் குருவி குழாய் நீட்டும், நீட்டினால் உள்ளுக்கு ஆள் இருக்கும் எண்டு போன கிழமை சொன்னனான். நீர் அண்டைக்கு வரேல்லையோ?"

விரலை விட்டு எடுத்தார். இரண்டு வெள்ளை முட்டை. ஒன்று வெடித்திருந்தது. என் கையை விரிக்கச் சொல்லி, இரண்டையும் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மேசைக்குப் போய் வரவு பதிகிற இடாப்பைத் திறந்தார்.

"வகுப்புக்கு ரெண்டு புதுப் பிள்ளையள் வந்திருக்கினம். பேர் என்னெண்டு பதிய?"

மிச்சம் உங்களுக்குத் தெரியும். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு என் பெயரை விடக் 'குருவி'தான் பரிச்சயம். உயர்தர வகுப்பு வரை அந்தப் பட்டம் என்னை விட்டுப் போகவில்லை. கல்யாண வீட்டில்கூட ஒருவர் கூப்பிட்டார்.

அடிக்கவில்லை. பள்ளி விட்ட பிறகு எட்டு நாள் என்னை மறித்து வைத்து, பக்கத்தில் இருந்து முடிச்சுப் போடப் பழக்கினார். எட்டாம் நாள் கவிழ்த்த தொப்பி போல ஒன்று வந்தது. குழாய் போட ஓலையை எடுத்தேன். "போதும். குருவிக்கும் இந்த அளவுக்கு வர எட்டு நாள்தான் செல்லும். இனிப் பெட்டை வந்து பார்க்க வேணும். பிடிக்காட்டி இப்பிடியே விட்டிட்டு அடுத்ததைத் தொடங்கும்" என்றார். அதை வகுப்பு யன்னலில் கட்டினார். நான் சாதாரணதரம் எடுக்கும்வரை அது அங்கேதான் தொங்கியது.

1984இல் நான் ஊரை விட்டு வெளிக்கிட்டேன். சொல்லிக்கொள்ளப் போகவில்லை. அப்போது யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை என்று இவ்வளவு காலமும் சமாதானம் சொல்லி வருகிறேன். பள்ளிக்கூடத்தில் இருந்து அவருடைய வீடு மூன்று நிமிடச் சைக்கிள்தான்.

இப்போது ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வருடத்தில் ஒருமுறை பச்சைக் கடதாசியை நீளநீளமாக வெட்டிக்கொண்டு போகிறேன். பிள்ளைகள் பசை கேட்பார்கள். குருவியிடம் பசை இல்லை என்பேன். பனையைக் காணாத பிள்ளைகள், ஆனாலும் கதவு ஏன் கீழே இருக்கிறது என்று கேட்காத பிள்ளை இல்லை. முட்டைக் கதையை மட்டும் நான் அங்கே சொல்வதில்லை.

2011இல் ஊருக்குப் போனபோது அவரைத் தேடிப் போனேன். வழியில் பழைய பனைகள் நின்ற இடம் வெளித்துக் கிடந்தது. போர்க்காலத்தில் பங்கருக்குத் தறித்தவை போக மிஞ்சியது சொற்பம். சேர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கண் தெளிவில்லை. கல்லூரியின் பழைய மாணவன், கனடா என்றேன். சந்தோஷப்பட்டார். தேத்தண்ணி வந்தது. எந்த வகுப்பு என்று கேட்டு, அவராகவே தொடங்கினார்.

"உங்கட வகுப்பில ஒரு பெடியன், தூக்கணாங்குருவிக் கூட்டை முட்டையோட பிடுங்கிக்கொண்டு வந்தவன். நான் இடாப்பைத் திறந்து பகிடி பண்ணிப்போட்டன். பதினொரு வயசுப் பிள்ளை. அப்பிடிச் செய்திருக்கக் கூடாது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "லண்டனில எண்டு ஆரோ சொன்னவை. உமக்குத் தொடர்பு இருக்கோ?"

"இல்லை சேர்" என்றேன்.