கொருக்குப்பேட்டை ஷெட்டில் ஓர் இறக்கை

விமான இறக்கைக்காக நான் செய்த முதல் ஏழு ரிப்பையும் என் கையாலேயே உடைத்துப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாயங்காலம் பிடித்திருந்தது. பசை ஒரு துளி வழியாமல், கோடு போட்டது மாதிரி அழகாகத்தான் இருந்தன. உடைத்த பிறகுதான் இந்த வேலை எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

நான் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் இருக்கிறேன். ஷிப்ட் முடிந்ததும் சென்னை கொருக்குப்பேட்டையில் வாடகைக்கு எடுத்த தகர ஷெட்டுக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு பியட்டன்போல் ஏர் கேம்பர் உருவாகிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் மினசோட்டாக்காரரான பெர்னார்ட் பியட்டன்போல், ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினை வைத்தே பறக்கிற மாதிரி 1929 வாக்கில் வடிவமைத்த இரண்டு இருக்கை மர விமானம் அது. உடம்புக்கு மேலே குடை பிடித்தாற்போல் ஒற்றை இறக்கை. மரவேலை தெரிந்தவர் வீட்டிலேயே கட்டலாம் என்பதால் இன்றைக்கும் பல நாடுகளில் கட்டுகிறார்கள். இங்கே நான் சொல்லப்போவது இறக்கையை மட்டும்தான்.

இறக்கையின் நீளத்துக்கு ஓடும் இரண்டு பலகைதான் ஸ்பார். அதற்குக் குறுக்கே விலா எலும்பு மாதிரி வருவது ரிப். கால் அங்குலத்துக்கு அரை அங்குலம் குச்சிகளை ஜிக்கில், அதாவது வடிவம் பிசகாமல் பிடித்துவைக்கும் அச்சில், வளைத்து வைத்து, சேருகிற இடத்திலெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் பிளைவுட் துண்டை ஒட்ட வேண்டும். அந்தத் துண்டுக்குப் பெயர் கசட். முடித்த ரிப்பை உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. ஆனால் பறக்கும்போது காற்று தூக்குகிற பாரமெல்லாம் துணியிலிருந்து ரிப்புக்கும், ரிப்பிலிருந்து ஸ்பாருக்கும் போகிறது. நடுவில் பிடித்துக்கொண்டிருப்பது பசை.

மரம் சிட்கா ஸ்ப்ரூஸ், இறக்குமதிதான். அங்குலத்துக்கு ஆறு ஆண்டு வளையமாவது இருக்க வேண்டும், 15 அங்குல ஓட்டத்தில் மரவரி 1 அங்குலத்துக்கு மேல் சாயக்கூடாது. வரி எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். பேனா மையில் ஒரு சொட்டு வைத்தால் அது வரியோடு ஓடிக் காட்டிவிடும். ஒவ்வொரு குச்சியிலும் அப்படிப் பார்த்து, சாய்ந்ததையெல்லாம் ஒதுக்கினேன்.

பிளைவுட்டில் ஏமாந்தேன். மெரைன் பிளை, தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்தார்கள். மெரைன் பிளைக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 710 என்றால் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்கு பிரியக்கூடாது. ஒரு துண்டை வீட்டு அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பழைய புத்தகம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. "குழம்பு வெக்கிற குண்டான்ல பலகையப் போட்டு வேக வெக்கிறியேடா" என்று அம்மா கோபித்துக்கொண்டார். அந்தக் குண்டானுக்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கசட்டுக்கு விமான வேலைக்கென்றே வருகிற பர்ச் பிளைவுட்டைத் தனியாக வரவழைத்தேன்.

காசிமேட்டில் படகு கட்டுகிற ஆசாரி அண்ணன் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் ஷெட்டுக்கு வருவார். காசு வாங்க மாட்டார், டீ மட்டும்தான். ஏழு ரிப்பையும் அவரிடம் பெருமையாகக் காட்டினேன். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு ஒடைச்சுப் பாத்தியா தம்பி?"

"இல்லண்ணே."

"அப்போ எப்டி தெரியும் ஒட்டிக்கினு இருக்குதுன்னு?"

எனக்குச் சுருக்கென்றது. ப்ரூஃப் லோடு, அதாவது சோதனை எடை, வைத்துப் பார்க்காமல் எந்தக் கிரேனையும் சரக்குத் தூக்க விடாதவன் நான். அன்றைக்கே ஒரு ரிப்பை வைஸில் பிடித்து, கசட்டின் கீழே உளியைக் கொடுத்துத் தட்டினேன். கசட் அப்படியே கழன்று விழுந்தது. பிளைவுட் பக்கம் வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு நார்கூட ஒட்டவில்லை. நல்ல ஒட்டு என்றால் பசைக்கோட்டில் பிரியக்கூடாது, மரம்தான் கிழிய வேண்டும். மிச்சம் ஆறையும் உடைத்தேன். இரண்டு ரிப்பில் ஓரளவு மரம் கிழிந்தது, மற்றதெல்லாம் அதே கதைதான்.

இரண்டு தவறு செய்திருந்தேன். ஃபெவிகால் போட்டு மேசை நாற்காலி செய்த பழக்கத்தில் சி கிளாம்பை முறுக்கு முறுக்கென்று முறுக்கியிருந்தேன். "இந்தப் பசைக்கு அமுக்கக் கூடாதுப்பா. அமுக்குனா எல்லாம் வெளிய பூடும், நடுவுல இன்னா இருக்கும்?" என்றார் அண்ணன். எபாக்ஸி இடைவெளியை நிரப்பி நிற்கிற பசை. இரண்டு முகமும் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். துணிக்குப் போடுகிற கிளிப்பின் பிடியே தாராளம்.

இரண்டாவது தவறு கண்ணுக்குத் தெரியாதது. பிளைவுட்டைச் சூடான தகட்டில் வைத்து அழுத்திச் செய்வதால் மேல்பரப்பு பளபளவென்று அடைபட்டுவிடுகிறது. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தாமரை இலையில் மாதிரி உருண்டு நிற்கும். 80ஆம் நம்பர் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி சொட்டுவிட்டால் பரவி உள்ளே இறங்கும். பசையும் அப்படித்தான். அதற்குப் பிறகு தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்க்காமல் ஒரு கசட்டைக்கூட நான் ஒட்டியதில்லை.

பசையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் ஒன்றுக்கு ஒன்று, சிரிஞ்சில் அளந்துதான் எடுப்பேன். தகர ஷெட்டின் மே மாதச் சூட்டில் கலவை மளமளவென்று இறுகிவிடும். அதனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலப்பேன். ஒவ்வொரு கலவையிலும் ஒரு சாம்பிள் ஒட்டி, தேதி எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பேன். ஒரு நாள் கழித்து அதில் பாதியை உடைப்பேன். மரம் கிழிந்தால் அந்தத் தேதி ரிப்புக்கு மட்டும் ஓ.கே. எழுதுவேன். 2023 அக்டோபரில் முப்பது ரிப்பும் முடிந்தன. ஸ்பாரில் இரண்டு மூன்றைக் கோர்த்துப் பார்த்தேன், விரலால் தள்ளினாலே ஓடின. அன்றே எல்லாவற்றையும் கோர்த்து ஒட்டியிருக்கலாம். தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். ஷெட்டுக்குள் தொடை அளவு தண்ணீர் நான்கு நாள் நின்றது. ரிப்புகளைக் கொடிக்கயிற்றில் கோர்த்து உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தேன், ஸ்பார் சுவரில் உயரமாக இருந்தது. அவை தப்பின. ஜிக், மேசை, கீழ்த்தட்டில் இருந்த பிஸ்கட் டப்பா எல்லாம் முழுகிப்போயின. தண்ணீர் வடிந்ததும் டப்பாவிலிருந்த மிச்ச சாம்பிள்களை ஈரத்தோடே உடைத்துப் பார்த்தேன். நான்கு நாள் சாக்கடைத் தண்ணீரில் ஊறியும் எல்லாவற்றிலும் மரம்தான் கிழிந்தது. அந்த நாற்றத்துக்கு நடுவில் நின்றுகொண்டு எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ரிப் ஸ்பாரில் ஏறவில்லை. ஒரு சாண் போனதும் இறுகி நின்றுவிட்டது. ஈரப்பத மீட்டரைக் குத்திப் பார்த்தேன், 17 சதவீதம். மரம் வந்தபோது 11 இருந்தது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, அகலவாக்கில் ஊதும். பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள ஸ்பார் ஒரு மில்லிமீட்டர் பெருத்திருந்தது. ரிப்பின் துளையை அரத்தால் கொஞ்சம் ராவிவிடலாம் என்று கை பரபரத்தது. புயல் வெள்ளத்தில் பரவிய எண்ணெய் படிந்திருந்த சொந்தக்காரரின் படகுகளைக் கழுவ எண்ணூருக்குப் போயிருந்த ஆசாரி அண்ணனுக்குப் போன் செய்தேன். "ராவாதே. தட்டவும் தட்டாதே. சித்திரையில இதே மரம் இளைக்கும், அப்பால ரிப்பு லொடலொடன்னு ஆடும். கடக்காத்து ஊருப்பா, மரத்தக் காய வெச்சுட்டு வேல செய்" என்றார்.

ஸ்பாரையும் ரிப்பையும் சுற்றி பிளாஸ்டிக் ஷீட்டில் கூடாரம் போட்டு, உள்ளே இரண்டு குண்டு பல்பும் ஒரு சின்ன ஃபேனும் வைத்தேன். காற்று நாலு டிகிரி சூடானாலே அதன் ஈரப்பத அளவு நன்றாகக் குறைந்துவிடும். அவசரப்பட்டு அதிகமாகச் சூடாக்கினால் மரம் வெடிக்கும். தினமும் மீட்டர் வைத்து நோட்டில் எழுதினேன். 17, 16, ஒரு வாரம் அசையாமல் 15. ஆறு வாரம் ஆயிற்று.

அந்த நாட்களில் எனக்குத் தெம்பு கொடுத்தது ஒரு பழைய மெட்ராஸ் சங்கதி. 1910இல் இங்கே ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ், தானே வடிவமைத்த விமானத்தை மெட்ராஸ் சிம்சன் கம்பெனியில் கட்டவைத்து, பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். இந்த ஊர்க் காற்றில், இந்த ஊர்த் தச்சர் கையால். என் விமானம் சென்னைக்குள் பறக்காது. இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றி வெளியூர் ஓடுதளத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கு முன்னால் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் அனுமதியும் வேண்டும். கட்டும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோவோடு பதிந்து வைப்பது அதற்காகவும்தான். உடைத்த சாம்பிள்களும் தேதி வாரியாக என்னிடம் இருக்கின்றன.

பிப்ரவரி கடைசியில் மீட்டர் 12 காட்டியது. ஆசாரி அண்ணன் வந்திருந்தார். அவரே முதல் ரிப்பை எடுத்து ஸ்பாரின் முனையில் நுழைத்து, கட்டைவிரலால் தள்ளினார். போனது. முப்பதையும் கோர்க்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. பசை படுகிற இடத்துக்கு டேப் ஒட்டிவிட்டு, மற்ற இடமெல்லாம், முக்கியமாக வெட்டுமுனைகளில், அன்று ராத்திரியே முதல் கை வார்னிஷ் அடித்தோம். விடிவதற்குள் ஈரம் ஏறிவிடக் கூடாதென்று பல்பை அணைக்கவில்லை.