அமெலி இலகு இயந்திரத் துப்பாக்கி: 1:4 அளவில் உட்புறம் தெரியும் காட்சி மாதிரி, இதுவரை

ஸ்பெயினின் அமெலியை, இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கியான எம்.ஜி.42-இன் சின்ன வடிவம் என்று நினைத்து வேலையைத் தொடங்கினால் மாதிரி கடைசிவரை சரியாக வராது. வெளித்தோற்றம் அப்படித்தான் நினைக்க வைக்கும்: துளையிட்ட குழல் உறை, மேல் மூடி, தோள்கட்டை எல்லாம் அதே சாயல். ஆனால் எம்.ஜி.42 வரைபடத்தை மொத்தமாகச் சுருக்கிப் பார்த்தால் எதுவும் பொருந்தாது. மொத்த நீளம் அதில் 1,220 மி.மீ., அமெலியில் 970, விகிதம் 0.80. குழல் 533-க்கு 400, விகிதம் 0.75. தோட்டாவின் முழு நீளம் ஏறத்தாழ 80-க்கு 57.4, விகிதம் சுமார் 0.7. கைப்பிடியோ சுருங்கவே சுருங்காது, பிடிப்பது அதே மனிதக் கை. அதனால் ஒவ்வொரு பகுதியையும் அதனதன் அளவிலிருந்தே தனியாக வரைய வேண்டும்.

1:4 தேர்ந்ததற்குக் காரணம், குழல் சரியாக 100 மி.மீ. வந்துவிடுகிறது. மொத்த நீளம் 242.5 மி.மீ. தோட்டா 14.35 மி.மீ., அதன் அடி விளிம்பு 2.4 மி.மீ. இதற்குக் கீழே போனால் உள்ளிருக்கும் உருளைகளைக் காட்டுவது வீண். மாதிரி பெரும்பாலும் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகடும் பித்தளையும்தான், எதுவும் இயங்காது.

முதலில் குழல் உறை. 0.5 மி.மீ. ஸ்டைரீன் தகட்டில் விரிப்பு வரைபடத்தை ஒட்டி, நீள்வட்டத் துளை ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் துளையிட்டு, நடுப்பகுதியைக் கத்தியால் எடுத்து, ஊசி அரத்தால் சீராக்க வேண்டும். இங்கே வரிசை முக்கியம். துளைகளை முதலில் வெட்டிவிட்டு மடித்தால், தகடு மடிப்புக் கோட்டில் மடியாமல் துளைகள் இருக்கும் பலவீனமான இடத்தில் வளையும்; உறையின் விளிம்பு அலை அலையாகத் தெரியும். மடிப்புக் கோட்டை முதலில் பாதி ஆழத்துக்குக் கீறிவிட்டு, பிறகு துளைகளை வெட்டி, கடைசியில் மரக்கட்டை ஒன்றின் மேல் வைத்து மடித்தால் கோடு நேராக நிற்கும். கரைத்து ஒட்டும் பசையைத் தூரிகை நுனியால் தொட்டு வைத்தால் போதும். கூடுதலாக விட்டால் அரை மில்லிமீட்டர் தகடு இளகிவிடும். மூடிய பெட்டி வடிவத்துக்குள் பசையின் ஆவி அடைபட்டால் இன்னும் மோசம்: பல நாள் கழித்து, பெயின்ட் அடித்த பிறகு, ஒட்டுக்கோடு உள்வாங்கித் தெரியும். கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில் 1 மி.மீ. காற்றுத் துளை விட்டுவிடுங்கள்.

உண்மையான துப்பாக்கி அச்சில் அழுத்திய இரும்புத் தகட்டில் ஆனது. நம் தகடு அந்த அளவுக்குத் தடிப்பாகத் தெரிந்தால் பார்வை கெடும். துளைகளின் உள்விளிம்பைப் பின்பக்கமிருந்து சாய்வாகச் சீவினால் மெல்லிய தகடுபோல் ஏமாற்றும்.

குழல் முனையில்தான் பலருடைய மாதிரி தவறிப்போகிறது. எம்.ஜி.42-இன் குழல் சுடும்போது பின்னோக்கி நகரும். அதற்கு உந்து கொடுக்க முனையில் கூம்பு ஒன்று உண்டு. அமெலியின் குழல் அசையாது. ஆகவே அந்தக் கூம்புக்கு வேலையே இல்லை, தீப்பிழம்பை மறைக்கும் முனை மட்டும் போதும். கூம்பை வைத்துவிட்டால், உள்ளே எவ்வளவு சரியாகச் செய்திருந்தாலும் அது வேறு துப்பாக்கி.

உட்புறத்தைக் காட்டப் பக்கவாட்டில் ஒரு சாளரம் வெட்டியிருக்கிறோம். இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இரண்டு துப்பாக்கியிலும், குழலின் பின்வாயை அடைக்கும் பூட்டுக்கட்டையில் இரு உருளைகள் உண்டு, குழப்பம் அதனால்தான். எம்.ஜி.42-இல் உருளைகள் முழுமையாகப் பூட்டிக்கொள்ளும், குழல் பின்வாங்கிய பிறகே விடும். அமெலி ஸ்பெயினின் செட்மே ரைபிள் வழி. 1945-இல் ஜெர்மனியின் மவுசர் நிறுவனத்தில் உருவான எஸ்.டி.ஜி.45 ரைபிளின் வடிவமைப்பை லுட்விக் ஃபோர்கிரிம்லர் பிரான்ஸ் வழியாக மாட்ரிட்டுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து வந்தது செட்மே. இந்த முறையில் பூட்டு என்று ஒன்று கிடையாது, தாமதம்தான் உண்டு. வாயு அழுத்தம் பூட்டுக்கட்டையின் தலையைத் தள்ள, உருளைகள் உள்ளே நெருக்கப்பட்டு, நடுவிலுள்ள ஆப்பைப் பின்னே தள்ளுகின்றன. ஈரப் புளியங்கொட்டையை இரு விரலால் அழுத்தினால் வழுக்கிப் பாயுமே, அப்படி. தலைக்குப் பின்னுள்ள கனமான பின்கட்டை வேகமாகப் பின்னே போகிறது, தலை மெதுவாக வருகிறது. அதற்குள் அழுத்தம் இறங்கிவிடுகிறது.

உருளைக்கு 2 மி.மீ. எஃகுக் கம்பித் துண்டு, தலைக்கும் பின்கட்டைக்கும் பித்தளை. எந்த நிலையில் ஒட்டுவது என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும். அமெலி திறந்த நிலையிலிருந்து சுடுவது. சுடத் தயாரான நிலையென்றால் பூட்டுக்கட்டை பின்னால் நிற்கும், உருளைகள் உள்ளே ஒடுங்கியிருக்கும், குழலறை காலி, தோட்டா ஊட்டுத்தட்டில் இருக்கும். தயார் நிலையைக் காட்டிவிட்டு அறைக்குள் தோட்டாவை வைப்பது அடிப்படையிலேயே பொருந்தாது. நாங்கள் எடுத்துக்கொண்டது சுடும் கணம்: உருளைகள் வெளியே, தலைக்கும் பின்கட்டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. இந்த வகை ரைபிள்களில் பராமரிப்பாளர்கள் அந்த இடைவெளியைத்தான் அளவுத்தகடு நுழைத்துப் பார்ப்பார்கள், இதே முறையில் இயங்கும் ஜெர்மன் ரைபிளான ஜி3-இல் 0.1 முதல் 0.5 மி.மீ. வரை இருக்கலாம். குறைந்தால் உருளைகளும் ஆப்பும் தேய்ந்துவிட்டன என்று பொருள். 1:4-இல் அதை ஒரு கோடாகக் கீறினாலே போதும்.

தோட்டா வரிசை பாதி முடிந்திருக்கிறது. ஒரு மூலத் தோட்டாவைப் பித்தளைக் கம்பியில், துரப்பணத்தில் சுழலவிட்டு அரத்தால் கடைந்தது: கூடு 11.2 மி.மீ., கழுத்து 1.6 மி.மீ., வெளியே தெரியும் குண்டு 3.2 மி.மீ. அதை சிலிக்கான் அச்செடுத்து ரெசினில் வார்க்கிறோம். அச்சில் குண்டின் முனை கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி வைத்தால் காற்றுக்குமிழி ஏறி முனையிலேயே தங்கி, மழுங்கிய குண்டு வரும். கூட்டுக்கு முதலில் பளபளப்பான கறுப்பு, அதன் மேல் பித்தளை நிறம். குண்டின் நுனியில் மட்டும் பச்சை, அது எஸ்.எஸ்.109 என்ற குண்டு வகையின் அடையாளம். தோட்டாக்களைப் பட்டையாகக் கோக்கும் இணைப்புகளைக் குளிர்பான டப்பாத் தகட்டில் வெட்டி 2.4 மி.மீ. கம்பியில் சுற்றுகிறோம்: ஒரு பக்கம் இரட்டை வளையம், மறுபக்கம் ஒற்றை. நிறம் மங்கிய கருஞ்சாம்பல், பித்தளை அல்ல. சுட்டதும் எம்27 எனப்படும் இந்த இணைப்புகள் தனித்தனியாகக் கழன்று விழும். ஆகவே எம்.ஜி.42 படங்களில்போல் மறுபக்கம் காலிப் பட்டையைத் தொங்கவிடக் கூடாது.

பீடத்தில் சிதறும் காலிக் கூடுகளில் நீளவாக்கில் மெல்லிய கரிக்கோடுகளைத் தீட்ட வேண்டும். இந்த முறையில் கூடு அழுத்தம் இருக்கும்போதே நகரத் தொடங்கும். ஒட்டிக்கொள்ளாமலிருக்கக் குழலறைச் சுவரில் நீளப்பள்ளங்கள் உண்டு, புகை அவற்றின் வழியே புகுந்து தடம் விடும். கூர்மையான பென்சிலே தூரிகையைவிட நன்றாக வருகிறது.

பெயின்ட் பூச்சில் எவ்வளவு தேய்மானம் காட்டலாம்? தாராளமாகக் காட்டலாம். 1982-இல் ஸ்பெயின் ராணுவம் ஏற்றது. 2007-இல் ஜெர்மனியின் எம்ஜி4 தேர்வாகும்வரை நிலையான இலகு இயந்திரத் துப்பாக்கியாக இருந்தது. எடை 6.35 கிலோதான், ஆனால் பூட்டுக்கட்டையின் எடையைப் பொறுத்து நிமிடத்துக்கு 850 முதல் 1,200 வரை சுடும் வேகம். மெல்லிய பாகங்களில் இவ்வளவு அடி விழுந்தால் தேயாமல் என்ன செய்யும்? மூடியின் விளிம்பு, தூக்கும் கைப்பிடி, இழுபிடி ஓடும் தடம் ஆகிய இடங்களில் வெள்ளி நிறத்தைப் பஞ்சால் ஒற்றுங்கள். தோள்கட்டையில் வேண்டாம், அது பிளாஸ்டிக். அங்கே கீறல் சாம்பலாகத்தான் தெரியும்.

இனி மிச்சம் இருப்பது பாதி இணைப்புகளும் இருகால் தாங்கியும். தாங்கியை ஸ்டைரீனில் செய்ய வேண்டாம். உள்ளே பித்தளை சேர்ந்த மாதிரியின் பாரம் முன்பக்கம் விழும், வெயில் நாளில் கால்கள் விரிந்துவிடும். 1.5 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்து, மூட்டில் ஈயப் பற்று வைப்பதே சரி.