பக்கத்தில் மட்டும் வளர்ந்தது

"சேர், இது தனிய வருதில்லை. அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில மட்டும்தான் வருது."

நாயாற்று மணலைக் கழுவிய நீரைப் பூசிய, கிருமி வளர்க்கும் தட்டு. நடுவில் ஒரு மஞ்சள் கொலனி, அதாவது கிருமிக் கூட்டம். அதைச் சுற்றி, வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால்தான் தெரிகிற ஊசிமுனைப் புள்ளிகள். விலக விலகச் சிறுத்து, ஒரு விரலகலத்துக்கு அப்பால் வெறும் அகார்க் கூழ். மஞ்சளோடு சேர்த்துப் புதுத் தட்டில் கீறினால் வருகிறது, தனியே கீறினால் இல்லை.

"தனிய வராட்டி விடு பிள்ளை. மஞ்சளை எடுத்துக்கொண்டு போ."

"அப்ப இதை என்னெண்டு எழுதுறது?"

"கலப்பு எண்டு எழுது."

எழுதினாள். வாதாடவில்லை. வாதாடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நான் சொன்னது பிழையென்று சொல்லமாட்டேன். இறுதியாண்டு ஆய்வு, அறிக்கைக்கு நாள் நெருங்கிவிட்டது. இரண்டு கிருமி கலந்து கிடந்தால் எந்தச் சோதனை முடிவு எதனுடையது? கிளிநொச்சியில் கரண்ட் போனால் குளிர்சாதனப் பெட்டியில் எதைக் காப்பாற்றுவது என்பதே பெரிய கேள்வி. தூய வளர்ப்பு, ஒரு தட்டில் ஒரே கிருமி, என்பது கிருமியியலாளர் கோச் காலத்து ஒழுங்கு, அதில்லாமல் எங்கள் தொழிலே இல்லை.

ஆனால் வகுப்பில் நானே சொல்லுகிறவன்: கடல்நீர் ஒரு மில்லிலீற்றரில் சுமார் பத்து இலட்சம் பற்றீரியாக்கள், தட்டில் முளைப்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கடலில் மிகப் பெருவாரியாக வாழும் எஸ்ஏஆர்11 என்ற பற்றீரியாக் கூட்டத்தை 1990இல் மரபணுவாக மட்டும்தான் கண்டார்கள். வளர்க்க 2002 ஆயிற்று, அதுவும் அகாரில் அல்ல, கடல்நீரிலேயே. கடலில் ஒளியைக் கொண்டு வாழும் பற்றீரியாவான புரோகுளோரோகொக்கஸிடம் ஐதரசன் பரவொட்சைட்டை உடைக்கும் கற்றலேசு நொதியம் இல்லை. அந்த நஞ்சை அக்கம்பக்கத்துப் பற்றீரியாக்கள் அகற்றிக் கொடுப்பதால் பிழைக்கிறது. 2010இல் மசாசூசெட்ஸ் கடற்கரை மணலிலிருந்து எடுத்தவற்றில், அயல் கொலனி விடுகிற, இரும்பைப் பிடித்துத் தரும் சிடரோபோர் இருந்தால் மட்டும் வளர்ந்தவை அகப்பட்டன. மணல், அயல், புள்ளி: எங்கள் தட்டு மாதிரியே.

சரி, மாதிரி இருந்தால் அதுவேதான் ஆகிவிடுமா? ஸ்ரபிலோகொக்கஸ் என்ற கிருமியைச் சுற்றி ஈமோபிலஸ் என்ற இன்னொன்று முளைப்பதை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள், யாரும் அதைக் கண்டுபிடிப்பென்று கொண்டாடுவதில்லை. எங்கள் புள்ளிகளும் மஞ்சளின் மிச்சத்தைத் தின்கிற ஏதோ சாதாரணமாக இருந்திருக்கலாம். அப்படித்தான் இருந்திருக்கும் என்று பெரும்பாலான நாட்களில் நினைக்கிறேன்.

மற்ற நாட்களில் பைருவேற்று என்ற இரசாயனம் நினைவுக்கு வரும். அது பரவொட்சைட்டை அழிக்கும். ஒரு தட்டில் கொஞ்சம் கலந்து, மஞ்சள் இல்லாமல் கீறியிருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்திருக்கும். போத்தல் எங்கள் அலுமாரியிலேயே இருந்தது. இன்னொன்றும் உண்டு. அகாரையும் அதில் கலக்கும் பொசுபேற்று உப்பையும் சேர்த்து அவித்தால் பரவொட்சைட்டு உண்டாகி, சில கிருமிகளை வளரவிடாமல் செய்கிறது என்று 2014இல் யப்பானியர்கள் காட்டினார்கள். நாங்கள் சேர்த்துத்தான் அவித்தோம். புள்ளிகள் தனியே வராததற்குக் காரணம் அவற்றின் இயல்பா, எங்கள் ஒட்டோகிளேவில் அவித்த முறையா?

அந்தத் தட்டுகள் வார முடிவில் மற்றவற்றோடு அவிந்து குப்பைக்குப் போயின. அறிக்கை நல்ல புள்ளியோடு சித்தியடைந்தது.

இந்த வருடம் பொசுபேற்றைத் தனியே அவித்துப் பிறகு கலக்கச் சொல்லியிருக்கிறேன். வேலை இரட்டிப்பாகிறது என்று பிள்ளைகளுக்கு முறைப்பாடு. அறிக்கையில் தூய வளர்ப்பு மட்டும் வரட்டும் என்ற விதியை மட்டும் நான் இன்னும் மாற்றவில்லை.