தீவிர மனநோயுடன் வாழ்பவரின் உடலை யார் பார்ப்பது?

சமூக மனநலச் செவிலியர் என்றால், வீடு தேடிச் சென்று குறித்த நாளில் ஊசி போட்டுவிட்டு வருபவர் என்றே பலர் எண்ணுகிறார்கள். இந்தப் பணியில் நீண்ட காலம் இருப்பவர்களில் சிலரும், தங்களை அறியாமலே, அப்படி எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். ஊசி போடச் சில நிமிடங்களே ஆகின்றன. அதற்கு முன்னும் பின்னும் அந்த வீட்டில் நாம் எதைப் பார்க்கிறோம், எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே அங்கிருக்கும் நோயாளி இன்னும் எத்தனை ஆண்டுகள், எவ்வளவு நலத்துடன் வாழ்வார் என்பது பெருமளவுக்கு அமைகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எத்தனை ஆண்டுகள் என்று சொல்வது மிகையன்று. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற தீவிர மனநோய்களுடன் வாழ்பவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தற்கொலை அதில் ஒரு பகுதி. அதைத் தடுப்பது எங்கள் தலையாய கடமைகளுள் ஒன்று. ஆனால் அந்த இறப்புகளில் பெரும்பாலானவை இதய நோய், நுரையீரல் நோய், சர்க்கரை நோய், தொற்று என எல்லோருக்கும் வரக்கூடிய, உரிய காலத்தில் கண்டால் மருத்துவம் பார்க்கக்கூடிய உடல்நோய்களால் நேர்பவை. மனநல மருத்துவர் நோயாளியின் எண்ணங்களையும் தூக்கத்தையும் பற்றிக் கேட்கிறார். பொது மருத்துவரோ கோப்பில் மனநோயின் பெயரைக் கண்டதும் மற்றதெல்லாம் அந்தத் துறையின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறார். இந்த இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிற உடலை நேரில் பார்க்கக்கூடியவர், பெரும்பாலும் வீட்டுக்குச் செல்லும் செவிலியர் ஒருவர்தான்.

எங்கள் பணி பிறந்த விதமே இந்தக் குறைக்கு ஓரளவு காரணம். 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படுத்தப்பட்ட பிறகு, மருத்துவமனைச் சுவர்களுக்குள் பல்லாண்டுகள் அடைபட்டிருந்தவர்கள் வீடு திரும்பத் தொடங்கினார்கள். 1954-இல் இங்கிலாந்தின் வார்லிங்ஹாம் பார்க் மருத்துவமனை, வீடு திரும்பியவர்களைச் சென்று பார்ப்பதற்கென இரண்டு செவிலியர்களை வெளியே அனுப்பியது. அடுத்த பத்தாண்டில் வாரக்கணக்கில் உடலில் தங்கிச் செயல்படும் ஊசிகள் வந்தபோது, அவற்றைத் தவறாமல் போடுவதே செவிலியரின் முதன்மை வேலையாக நிலைபெற்றது. மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடாகத் தொடங்கியதால், அந்த மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைத் தொடர்ந்து பார்க்கும் பொறுப்பு பல இடங்களில் இன்னும் முழுமையாக வேரூன்றவில்லை.

ஊசியைப் பற்றிச் சொல்வதற்கும் சில உண்டு. ஹாலோபெரிடால் டெக்கனோவேட் போன்ற எண்ணெய் கலந்த மருந்துகள் ஆழமான தசைக்குள் செல்ல வேண்டியவை. ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் அந்த இடம் கட்டியாகி வலிக்கும்; மருந்து உறிஞ்சப்படுவதும் சீர்கெடும். ஆகவே சென்ற முறை எந்தப் பக்கம் என்று குறித்து வைத்திருக்க வேண்டும், அவரிடமும் கேட்க வேண்டும். வளர்ந்த மனிதர் ஒருவர் தம் வீட்டுக்குள்ளேயே, வேறு யாரோ ஒருவர் முன் இடுப்பு ஆடையைத் தளர்த்த வேண்டியிருப்பது எளிய காரியமன்று. கதவு சாத்தப்பட்டிருக்கிறதா, அவர் விரும்பும் பாலினச் செவிலியர் வர முடியுமா, தோளில் போடக்கூடிய மருந்து பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்த்தோமா என்பவை வெறும் மரியாதைக்கான கேள்விகள் அல்ல. ஊசியை நிறுத்திவிடுகிறவர்களில் சிலர் மருந்தை மறுப்பதில்லை. அது போடப்படும் விதத்தைத்தான் மறுக்கிறார்கள்.

நான் மிகுந்த விழிப்புடன் பின்தொடரும் மருந்து குளோசபின். 1975-இல் பின்லாந்தில் இந்த மருந்தை எடுத்தவர்களில் பலருக்குத் தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளையணுக்கள் திடீரென வீழ்ந்து, சிலர் தொற்றால் இறந்ததை அடுத்துப் பல நாடுகளில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு உள்ளவர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு ஆறு வாரங்களில் அது பலன் தந்ததாகவும், ஒப்பிடப்பட்ட குளோர்புரோமசின் 4 விழுக்காட்டினருக்கே பலன் தந்ததாகவும் 1988-இல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு, ஒழுங்கான இரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு அது திரும்பி வந்தது. இந்த வரலாற்றின் விளைவாக எல்லோருடைய கவனமும் வெள்ளையணுக்களின் மீதே நிற்கிறது. பரிசோதனை முடிவு சரியாக இருந்தால் எல்லாமே சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம்.

அப்படி எண்ணுவது ஆபத்தானது. குளோசபின் குடலின் அசைவை மந்தமாக்குகிறது. சாதாரண மலச்சிக்கலாகத் தொடங்குவது, கவனிக்கப்படாமல் போனால், குடல் இயக்கமே நின்று உயிரைப் பறிக்கும் அளவுக்கு முற்றக்கூடும். நோயாளி தாமாக இதைச் சொல்வது அரிது: கூச்சம் ஒரு காரணம், உடலின் வலியை உணர்ந்து சொல்வதையே நோய் சிலரிடம் மழுங்கடித்துவிடுவது இன்னொரு காரணம். ஆகவே ஒவ்வொரு முறையும், எந்தத் தயக்கமும் இல்லாமல், கடைசியாக என்றைக்கு மலம் கழிந்தது என்று கேட்டே ஆக வேண்டும். "நன்றாக இருக்கிறது" என்ற பொதுவான விடையோடு நிறுத்திக்கொள்ளாமல் நாளைக் கேட்க வேண்டும். வயிறு உப்பி, வலியும் வாந்தியும் சேர்ந்துவிட்டால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

புகைப்பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிகரெட் புகையில் உள்ள வேதிப்பொருள்கள் குளோசபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டுகின்றன. அதனால் புகைப்பவருக்கு மருந்து கூடுதலாகத் தேவைப்படுகிறது. அவர் திடீரெனப் புகைப்பதை நிறுத்தினால், மாத்திரையின் அளவு மாறாமலே இரத்தத்தில் மருந்தின் அளவு சில நாட்களில் உயரத் தொடங்கிவிடும். இந்த விளைவு புகையால் வருவது, நிகோடினால் அன்று. எனவே நிகோடின் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மருந்தின் அளவு உயரத்தான் செய்யும். புகையை விட்டவரைப் பாராட்டுவதோடு நில்லாமல், அதே நாளில் மருத்துவருக்குத் தகவல் சொல்வது செவிலியரின் வேலை. எச்சில் மிகுந்து வழிவது, பகலெல்லாம் கண் சொக்குவது, தள்ளாட்டம் ஆகியவை வந்தால் மருந்தின் அளவைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். இதற்கு எதிரான நிலையும் உண்டு. 48 மணி நேரத்துக்கு மேல் குளோசபினைத் தவறவிட்டவர் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கக் கூடாது. மிகக் குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். இரண்டு நாள் மாத்திரையை விட்டதை அவர் அச்சமின்றிச் சொல்லக்கூடிய உறவு நமக்குள் இல்லையென்றால், இந்த விதியை நாம் அறிந்திருந்து பயன் இல்லை.

இருமுனைக் கோளாறுக்குத் தரப்படும் லித்தியத்தை எடுப்பவரிடம், இரத்தத்தில் அதன் அளவு மிகாமல் பார்த்துக்கொள்ள வேறு கேள்விகள்: வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கிறதா, மூட்டுவலிக்கு இபுபுரோஃபென் போன்ற மாத்திரை எதையாவது வாங்கிப் போட்டுக்கொண்டாரா, கை நடுக்கம் கூடியிருக்கிறதா. இரத்தத்தில் லித்தியத்தின் அளவைக் கடைசி மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்பதால், காலை மாத்திரையைப் போடாமல் வரச் சொல்வதையும் முன்னதாகவே எழுதிக் கொடுக்கிறேன்.

எனக்கு மிகுந்த மனவருத்தம் தருவது அகதீசியா என்னும் பக்கவிளைவு. மனநோய் மருந்துகள் சிலருக்கு, உட்காரவும் விடாமல் நிற்கவும் விடாமல், கால்களுக்குள் ஒரு தவிப்பை உண்டாக்குகின்றன. அவர் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார், எரிந்து விழுவார், இரவில் தூங்க மாட்டார். பார்ப்பவர்கள் நோய் கூடிவிட்டது என்று முடிவு செய்கிறார்கள். மருந்தின் அளவு உயர்த்தப்படுகிறது. தவிப்பு இன்னும் மிகுகிறது. இந்தத் தவிப்பைத் தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போகிறவர்கள் உண்டு. ஐந்து நிமிடச் சந்திப்பில் இதைப் பிரித்தறிவது கடினம். வீட்டில் அவர் எதிரில் அமர்ந்து, பாதங்கள் ஓயாமல் அசைவதைப் பார்த்து, "இந்த அலைக்கழிப்பு உங்கள் எண்ணங்களில் இருக்கிறதா, கால்களில் இருக்கிறதா?" என்று கேட்டால் பலர் தெளிவாகவே விடை சொல்கிறார்கள். அது கடைசியாக மருந்து மாற்றப்பட்ட நாளுக்குப் பின் தொடங்கியதா என்பதையும் சேர்த்துக் குறித்தால், மருத்துவருக்கு முடிவெடுக்கத் தேவையான பெரும்பகுதி கிடைத்துவிடும்.

கேட்கப்படாமலே போகும் வேறு சிலவும் உண்டு. சில மருந்துகள் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற இயக்குநீரைக் கூட்டி மாதவிடாயை நிறுத்துகின்றன, மார்பில் பால் கசியச் செய்கின்றன, பாலுறவு நாட்டத்தைக் குறைக்கின்றன. மாதவிடாய் நின்ற பெண் தாம் கருவுற்றிருப்பதாக நம்பினால், அது பிரமை என்று எழுதப்பட்டுவிடவும் கூடும். தீவிர மனநோய் உள்ளவருக்குத் துணையோ காமமோ குழந்தை வேண்டும் என்ற ஆசையோ இருக்காது என்று நாமாக எண்ணிக்கொள்வதால்தான் இந்தக் கேள்விகள் எழாமல் போகின்றன.

நெஞ்சு வலிக்கிறது என்று சொல்பவர் மனச்சிதைவு உள்ளவராக இருந்தால், அந்த வலியே நோயின் கற்பனையாகக் கருதப்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதனால் முடிந்தபோதெல்லாம் உடன் செல்கிறேன். அங்கே நான் முதலில் சொல்வது வலியின் இடம், நேரம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றை. மனநோயின் பெயரும் மருந்துகளும் அதன் பிறகே. மறைப்பதற்காக இந்த வரிசையைப் பின்பற்றவில்லை. கேட்பவரின் காது முதல் வாக்கியத்திலேயே அடைபட்டுவிடாமல் இருப்பதற்காகவே பின்பற்றுகிறேன்.

இவை எதுவும் கதவு திறந்தால்தான் நடக்கும். சில வீடுகளில் பல வாரங்கள் திறக்காது. அப்போது சினமோ மிரட்டலோ இல்லாமல், மீண்டும் எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தில் வந்து நிற்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. உயிருக்கு ஆபத்து இருப்பதாகத் தோன்றும்போது மட்டும் நிலைமை வேறு. அப்போதும் நான் யாருக்குத் தகவல் சொல்லப்போகிறேன் என்பதை இயன்றவரை அவரிடமே சொல்லிவிடுகிறேன். நோய் மீண்டும் தலைதூக்குவதன் முன்னடையாளங்களை அவர் நலமாக இருக்கும் காலத்தில் அவர் சொற்களிலேயே எழுதி வைத்துக்கொள்வது இங்கே பெரிதும் உதவுகிறது. ஒருவருக்குத் தூக்கம் குறைவது முதல் அடையாளம். இன்னொருவருக்குத் தொலைபேசியை அணைத்து வைப்பது. எந்த அடையாளம் வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்திருந்தால், பின்னர் நாம் தலையிடும்போது அது அவருடைய திட்டமாகவே இருக்கும்.

குடும்பத்தினரைக் குறைகூறும் பழக்கம் எங்கள் துறைக்கு உண்டு. அதை நான் ஏற்கவில்லை. வீட்டில் கடுஞ்சொல்லும் பகையும் அளவுமீறிய உணர்ச்சி ஈடுபாடும் மிகுந்திருந்தால் நோய் விரைவில் திரும்புகிறது என்பதைப் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டியது உண்மையே. ஆனால் பல ஆண்டுகளாக உறக்கமின்றிக் காவல் காத்த தாயின் கடுஞ்சொல் பெரும்பாலும் களைப்பிலிருந்து வருவது. யாரும் நோய் என்று விளக்கிச் சொல்லாததால்தான் மகனின் அசையாமையைச் சோம்பல் என்று அவர் நினைக்கிறார்.

1970-களில் அமெரிக்காவின் மேடிசன் நகரில் லியோனார்ட் ஸ்டைனும் மேரி ஆன் டெஸ்ட்டும், மருத்துவமனைப் பணியாளர் குழுவையே ஊருக்குள் கொண்டுவந்து, இரவு பகல் பாராமல் மனநோயாளிகளுடன் அவர்கள் வாழும் இடத்திலேயே பணியாற்றச் செய்தார்கள். மருத்துவமனையில் கழிந்த நாட்கள் பெரிதும் குறைந்தன. 14 மாதங்களுக்குப் பின் அந்த ஆதரவு விலக்கப்பட்டபோது, கிடைத்த பயன்களில் பெரும்பகுதி மறைந்துபோயிற்று. இதனால்தான் அந்த முறையைப் பின்பற்றும் குழுக்கள் ஒரு பணியாளருக்குச் சுமார் பத்துப் பேர் என்ற அளவையும், முடிவு நாள் குறிக்காத ஆதரவையும் வலியுறுத்துகின்றன. அளவுக்கு மீறிய வீடுகளை ஒரே செவிலியரிடம் ஒப்படைக்கும் நிர்வாகம், அவரை மீண்டும் ஊசி மட்டும் போடுபவராக ஆக்கிவிடுகிறது.

செவிலியர் மாறும்போதும் இதே இழப்பு சிறு அளவில் நடக்கிறது. ஆகவே பொறுப்பை ஒப்படைக்கும்போது கோப்பை மட்டும் கொடுக்காமல், புதியவரையும் அழைத்துக்கொண்டு சில முறையாவது சேர்ந்து செல்ல வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். முதல் முறை நான் பேச அவர் கேட்பார். அடுத்த முறை அவர் பேச நான் கேட்பேன். கடைசியாக என்றைக்கு மலம் கழிந்தது என்ற கேள்வியையும், கால்களின் தவிப்பைப் பற்றிய கேள்வியையும் புதியவர் தம் வாயாலேயே கேட்டு, வீட்டுக்குரியவர் விடை சொன்ன பிறகுதான் என் பெயரை அந்தக் கோப்பிலிருந்து எடுக்கச் சொல்கிறேன்.